கடைசி என்று யார் சொன்னது?

கரிச்சான் மேசையைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தபோது அங்கே அவள் முகம் கிடந்தது. சாப்பாட்டுத் தட்டுகள் நான்கை வைத்தாலும் மறைக்க முடியாத அளவுக்குப் பெரிய முகம். கறுப்பு வெள்ளை. கண்கள் இரண்டும் பார்ப்பவரின் கழுத்தைப் பிடித்துக் கேள்வி கேட்பது போல நேராக நின்றன. அவள் கணவன் எடுத்த படங்களின் புத்தகத்துக்குப் பதிப்பாளர் அம்மாள் அனுப்பிவைத்த மாதிரி அட்டை அது. முகவாய்க்குக் கீழே வெள்ளை எழுத்தில் தலைப்பு அச்சாகியிருந்தது: கடைசி முகங்கள்.

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் மாமியார், வெங்காயம் உரித்தபடியே. "என் பிள்ளை எடுத்ததுல நீ கொஞ்சம் பார்க்கற மாதிரி இருக்கறது இது ஒண்ணுலதான்."

"மேல பார்த்தது போதும் அத்தை. கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"கண்ணாடி உள்ள இருக்கு. நீயே படி."

"கடைசி முகங்கள்."

"யாருக்குக் கடைசி?"

"எனக்குத்தான். எங்க அண்ணனுக்கு, அண்ணிக்கு, எங்க ஆளுங்க எல்லாருக்கும். நாங்க முடிஞ்சு போயிட்டோமாம்."

மாமியார் கத்தியை நிறுத்தினார். கண்ணில் வெங்காய நீர். "முடிஞ்சு போனவளா காலைல பாத்ரூம் வாசல்ல நின்னு என்கூட அந்தச் சண்டை போட்டே?"

அந்த வீட்டில் முன்பு இரண்டு குளியலறைகள் இருந்தன. ஒன்றைக் கணவன் இருட்டறையாக்கிவிட்டான். ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை ஒட்டி, குளிக்கிற இடத்தில் மருந்துத் தட்டுகளை வரிசையாக வைத்து, படம் கழுவுகிற இடமாக மாற்றி வருடங்கள் ஆகின்றன. மிச்சமிருக்கிற ஒன்றுக்கு மூன்று பேர். மாமியார் மருமகள் உறவு இந்த வீட்டில் அந்தக் கதவின் தாழ்ப்பாளைச் சுற்றித்தான் வளர்ந்தது. திட்டித் திட்டியே ஒருவருக்கொருவர் ஒட்டிப்போன இரண்டு பெண்கள்.

"படத்துக்கு மாலை ஒண்ணுதான் பாக்கி," என்று மாமியார் மறுபடி உரிக்கத் தொடங்கினார். "எங்கே அவன்? கூப்பிடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்து நீர் சொட்ட அவனே வெளியே வந்தான். கரிச்சானின் ஆட்கள் அவனுக்கு வைத்த பெயர் போர்வைக்காரன். கல்யாணமான பிறகு மரியாதை சேர்ந்து 'போர்வை மாப்பிள்ளை' ஆகிவிட்டது. கேமராவுக்குப் பின்னால் கறுப்புப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தலைப்பு அவங்க வெச்சது," என்றான்.

"உள்ள இருக்கற ஆளுங்க யாரு? அவங்க பெத்ததா?"

"ஒரு பேர்தானே கரிச்சான். பேர்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னா உங்க அம்மாவை எடுத்துக் கீழே 'கடைசி'ன்னு போடுங்களேன், பார்ப்போம்."

"என்னை ஏன்டி நடுவுல இழுக்கறே?" என்றார் மாமியார். குரலில் கோபமில்லை.

கரிச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறபோது அவன் பயப்பட மாட்டான். உட்கார்ந்து மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"அண்ணன் மேய்ச்சல் பாதைக்கு அனுமதி கேட்டு ஆபீசுக்குப் போனாரே, அங்க என்ன கேட்டாங்கன்னு சொன்னேன்ல? 'நீங்கல்லாம் இன்னும் இருக்கீங்களா'ன்னு கேட்டிருக்கான். இந்த வழியில இப்ப யாரும் நடக்கறதில்லன்னு சொல்லி வேலி போடப் பார்க்கறாங்க. நாளைக்கு இந்தப் புஸ்தகம் அந்த மேசைக்குப் போகும். 'பாருய்யா, உங்க வீட்டு மாப்பிள்ளையே எழுதிட்டாரு, நீங்கதான் கடைசின்னு' அப்படீன்னு எடுத்துக் காட்டுவான். அண்ணன் என்ன பதில் சொல்வார்?"

அவன் கையைத் துடைத்த துணியாலேயே மறுபடி துடைத்தான். பிறகு, பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கிறவன் போல, மிச்சத்தையும் சொன்னான். பதிப்பாளர் அம்மாளுக்குக் கடைசிப் பக்கத்துக்கு ஒரு குடும்பப் படம் வேண்டுமாம். அண்ணன் குடும்பம் முழுக்க, பழைய உடையில். அந்தப் படம் கிடைத்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

"நானே கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன்," என்றான்.

"கேளுங்க," என்றாள் கரிச்சான். "நானும் வரேன்."

அட்டையில் இருக்கிற முகத்தின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்போது அவள் பேர் மட்டுமல்ல, வாழ்க்கையும் கரிச்சான் வாழ்க்கைதான். கரிச்சான் என்பது பருந்தையே துரத்திக் கொத்துகிற சின்னக் கறுப்புக் குருவி. சின்ன வயதில் ஓநாயைக் கல்லெடுத்து விரட்டியவளுக்கு அப்பா வைத்த பெயர். அவர்கள் மந்தைக்காரர்கள். ஆடுகள் எங்கே மேய்கின்றனவோ அங்கே கூடாரம். கோடையில் மேட்டுக்கு, குளிரில் பள்ளத்துக்கு.

ஒரு நாள் மேட்டில் ஒருவன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பெட்டியின் முன்னால் ஒரு கண், நடுவில் கொல்லன் பட்டறைத் துருத்தி போல மடிப்பு, பின்னால் ஒரு மங்கிய கண்ணாடி. கறுப்புப் போர்வைக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால் எதிரே இருக்கிற உலகம் அந்தக் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கும். ஒரு படத்துக்கு ஒரு பெரிய ஃபிலிம் தாள். கைபேசிக்காரன் நூறு படம் எடுக்கிற நேரத்தில் இவன் ஒன்று எடுப்பான். அந்த ஒன்றுக்கும், நாலு எண்ணும் வரை எதிரில் இருப்பவர் இமைகூட ஆடாமல் இருக்க வேண்டும்.

"இந்தப் படம் அப்புறம் என்ன ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

"வந்தவங்க எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க. போனவங்க ஒருத்தரும் வரலை."

ஆனாலும் உட்கார்ந்தாள். அவன் கேட்ட விதம் பிடித்திருந்தது. உட்காரு என்று சொல்லவில்லை. உட்காருவீங்களா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பெட்டியைத் திறக்காமல் நின்றான். பிறகு போர்வைக்குள் போனான். வெளியே தெரிந்ததெல்லாம் இரண்டு கால்கள்தான். அந்த நேரம் பார்த்து ஒரு கிடா வந்து அவன் ஷூ கயிற்றை நிதானமாக மெல்ல ஆரம்பித்தது. அவனுக்குத் தெரியவில்லை. "அசையாதீங்க" என்று தலையை வெளியே எடுத்து, ஷட்டரைத் திறந்து எண்ணத் தொடங்கினான். கரிச்சான் சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்ட, தாடை இறுக, நாலு எண்ணும் வரை அப்படியே இருந்தாள்.

அந்த முகத்தைத்தான் ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு ஒரு பெரிய மனிதர், 'அழிந்துவரும் குலத்தின் பேசாத துயரம் இந்தக் கண்களில்' என்று பத்திரிகையில் எழுதினார். படித்துக் காட்டியபோது கரிச்சான் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

போனவர்கள் வரவில்லை, அவன் வந்தான். கூடாரம் இடம் மாறியிருந்தது. விசாரித்து விசாரித்து, கொட்டுகிற மழையில் வந்து நின்றான். கறுப்புப் போர்வை அவன் மேல் இல்லை. அதில் அவள் படத்தைச் சுற்றி அணைத்து வைத்திருந்தான். அவன் தெப்பமாக நனைந்திருந்தான். படத்தில் ஒரு சொட்டு இல்லை. அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னார்: "படத்தைப் போர்த்திட்டுத் தான் நனைஞ்சு வந்திருக்கான் கிறுக்கன். பொண்ணைக் குடுத்தா பத்திரமா வெச்சுப்பான்."

பத்திரமாகத்தான் வைத்திருந்தான். இருட்டறை வேலையைச் சொல்லிக் கொடுத்தான். இருட்டில் ஃபிலிம் தாளை, கேமராவில் செருகுகிற சட்டத்துக்குள் ஏற்றுவது அவள் வேலை. தாளின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது விரலில் வலது மேல்மூலையில் தட்டுப்பட்டால் படம் பதிகிற பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். அவன் தடவித் தடவித் தேடுவதை அவள் ஒரே தொடலில் முடிப்பாள். இத்தனைக்கும் பிறகு அந்த அட்டை.

அண்ணன் கூடாரம் அடித்திருந்த இடம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சரிவில் இருந்தது. நீலத் தார்பாய்கள், இரண்டு மோட்டார் சைக்கிள்கள், கல்லின் மேல் சாய்த்துவைத்த சோலார் தகடு, அதிலிருந்து கைபேசிகளுக்கு ஓடுகிற வயர். ஒரு வண்டியின் பக்கப் பையிலிருந்து, புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று தலையை நீட்டிப் பார்த்தது.

பதிப்பாளர் அம்மாள் வேனிலிருந்து இறங்கி எல்லாருக்கும் கைகூப்பினார். நல்ல மனுஷி. அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்திருந்தால் கரிச்சான் சாலையிலேயே இறக்கிவிட்டிருப்பாள். கூடவே ஒரு தகரப் பெட்டி வந்தது. திறந்தால் கனத்த கம்பளி அங்கிகள், ஓரமெல்லாம் நூல் வேலை. ஏதோ நாடகக் கம்பெனியில் இரவல் வாங்கியது.

அண்ணி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "பூச்சி உருண்டை வாசனை. இதை யாரு போட்டிருந்தது மேடம்?"

"உங்க முன்னோர்கள்."

"எங்க மாமியார் இதைப் பார்த்திருந்தா குட்டிகளுக்கு மெத்தை தைச்சிருப்பாங்க."

பதிப்பாளர் சிரித்தார். பிறகு மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகக் காட்டினார். மோட்டார் சைக்கிள்களைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிடலாமா? சோலார் தகட்டை எடுத்துவிடலாமா? நீலத் தார்பாய் மேல் ஏதாவது போட்டு மூடலாமா? பிள்ளைகளின் ஸ்கூல் பை, பிளாஸ்டிக் குடம், அண்ணனின் கைக்கடிகாரம். "இதெல்லாம் படத்துல உறுத்தும், அதனாலதான்."

எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிச்சமிருந்தது ஒரு சரிவும் பத்துப் பதினைந்து கல்லும்தான்.

அண்ணன் முடியாது என்று சொல்லிவிடுவார் என்று கரிச்சான் காத்திருந்தாள். அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

அவரைத் தனியே இழுத்தாள். "என்னண்ணே, சும்மா இருக்கீங்க? இவங்க புஸ்தகத்துக்கு என்ன பேர் தெரியும்ல?"

"நீதான் போன்ல சொன்னியே. தெரியும்."

"அப்புறம்?"

"மாப்பிள்ளை கூட்டிட்டு வந்த ஆளு. மாப்பிள்ளை தொழில். வேண்டாம்னு நான் வாயால எப்படிம்மா சொல்லுவேன்? அவர் முகம் சுருங்கிடாது?"

கரிச்சான் கொஞ்ச நேரம் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே பேசினாள்.

"அண்ணே, இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. நாலு எண்ணி முடிக்கற வரைக்கும் ஆள் கல்லு மாதிரி இருக்கணும். நடுவுல யாராவது தும்மினாக்கூட படம் போச்சு. சொறிஞ்சாப் போச்சு. திரும்பிப் பார்த்தாப் போச்சு. அதனால எல்லாரும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க."

"ஆமாமா, சரியாச் சொல்லிட்டீங்க," என்று பதிப்பாளர் தலையாட்டினார்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அண்ணி கம்பளியை உதறினாள். "எனக்குத் தூசி சேரவே சேராது," என்றாள் யாரிடமோ சொல்வது போல.

முதல் தாள். அங்கிகளைப் போர்த்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் கல் மேல் உட்கார்ந்தார்கள். போர்வைக்காரன் உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து, ஷட்டர் வயரைக் கையில் எடுத்தான்.

"ஒண்ணு. ரெண்டு."

அண்ணி தும்மினாள். சாதாரணத் தும்மல் இல்லை, அடுத்த சரிவிலிருந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன.

"மன்னிச்சுக்கோங்க தம்பி."

இரண்டாவது தாளில் அண்ணனின் காதுக்குள் ஈ போனது. மூன்றாவதில் பெரிய பையனுக்கு முதுகில் அரித்தது. அதைச் சொறிய அடுத்தவன் உதவினான். நாலாவதில் அண்ணன் மகள் 'அதோ ஓநாய்' என்றாள். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டது போல எல்லாரும் எழுந்து ஓடினார்கள். ஓநாய் அந்தப் பக்கமே இல்லை.

"இருந்துச்சு மாமா," என்றாள் அவள், கண் சிமிட்டாமல். "போயிடுச்சு."

போர்வைக்காரன் சட்டத்தை மாற்ற வேன் பக்கம் வந்தான். கரிச்சான் அங்கே நின்றாள்.

"பாறை மேல உக்காந்து ஒரு பொழுது முழுக்க ஆடாம மந்தையைப் பார்க்கறவங்க," என்றான் மெதுவாக. "இவங்களால நாலு எண்ணற வரைக்கும் இருக்க முடியலையா?"

"முடியலை போலிருக்கு."

"நீ அன்னைக்கு அசையவே இல்ல. கிடா ஷூவையே தின்னுச்சு, அப்பவும் அசையல."

"அன்னைக்கு நான் உக்காந்தேன். இன்னைக்கு இவங்களை உக்கார வெச்சிருக்கு."

அவன் அடுத்த சட்டத்தை எடுத்துக்கொண்டு போனான். கொண்டுவந்த தாள்கள் எல்லாம் தும்மலிலும் சொறிதலிலும் தீர்ந்தன. அண்ணி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். பதிப்பாளர் அம்மாளுக்கு மட்டும் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடுதலாக விழுந்தது. கோபம் வேறு, விருந்தோம்பல் வேறு.

திரும்பி வரும் வழியெல்லாம் கரிச்சான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, சிரிப்பை விழுங்கிக்கொண்டே வந்தாள். ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் பதிப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். இருட்டறைக்குள் போர்வைக்காரன் தாள்களைக் கழுவிக்கொண்டிருந்தான். கூடத்தில் மாமியார், வந்தவரை உட்காரவைத்து, ஒரே குளியலறையோடு குடித்தனம் நடத்துவதன் கஷ்டங்களை விளக்கிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஈரத் தாள்களை ஓரத்தில் பிடித்தபடி அவன் வந்தான்.

"ஒண்ணும் தேறல மேடம்," என்றாள் கரிச்சான் முந்திக்கொண்டு. குரலில் வருத்தம் போதுமான அளவு இருந்ததா என்பது அவளுக்கே சந்தேகம்.

பதிப்பாளர் ஒரு தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியது.

"அற்புதம்," என்றார்.

"என்ன மேடம்?"

"இங்க பாருங்க. கல் அப்படியே இருக்கு. சரிவு அப்படியே இருக்கு. ஒவ்வொரு புல்லும் தெரியுது. மனுஷங்க மட்டும் புகை மாதிரி கரைஞ்சு போறாங்க. முகமே இல்ல. கண்ணு முன்னாடியே மறையறாங்க. இதைவிடக் கடைசிப் பக்கம் எனக்கு எங்கே கிடைக்கும்?"

கரிச்சான் எட்டிப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மைதான். தும்மிய அண்ணி ஒரு வெண்மேகம். ஈ விரட்டிய அண்ணன் ஒரு கீற்று. பிடிக்காமல் முகத்தைத் திருப்பியவர்களை, விடைபெற்றுப் போகிறவர்கள் என்று எழுதப் போகிறார்கள். வேண்டாம் என்று சொன்னதையே எடுத்து, இல்லை என்று ஆக்கப் போகிறார்கள்.  

"இது புஸ்தகத்துல போகாது மேடம்," என்றாள்.

"ஏன்மா?"

"அவங்க கரையலை. தும்மினாங்க. உங்க அங்கி பிடிக்காமத் தும்மினாங்க. உங்க தலைப்பு பிடிக்காமச் சொறிஞ்சாங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

பதிப்பாளர் தாளை இறக்கினார். கோபப்படவில்லை. களைத்துப்போனவர் போல நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உங்க மேல மரியாதை இல்லாம நான் இதைச் செய்யலை. இவர் பத்து வருஷம் இந்தப் பெட்டியைத் தூக்கி அலைஞ்சிருக்கார். ஒரு கண்காட்சியோட சரி, அப்புறம் இந்தப் படங்களைப் பத்துப் பேர்கூடப் பார்க்கலை. இருக்கறவங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கம்மா. போறவங்களைத்தான் பார்ப்பாங்க. நான் போட்ட சட்டமில்ல அது. 'கடைசி'ன்னு போட்டாத்தான் கையில எடுப்பாங்க. எடுத்த பிறகாவது உங்களைப் பார்ப்பாங்கல்ல?"

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனால் கரிச்சானுக்கு இன்னும் எரிந்தது.

"சரி மேடம். போடுங்க. ஆனா ஒண்ணு. புஸ்தகம் வெளியிடற ஒவ்வொரு ஊருக்கும் நான் வருவேன். இந்த அட்டைக்குக் கீழேயே நாற்காலி போட்டு உக்காருவேன். நீங்க கண் கலங்கிக் கடைசி முகம்னு பேசி முடிங்க. முடிச்சதும் மைக்கை நான் வாங்கிக்கறேன். எங்க அண்ணனுக்கு எத்தனை பிள்ளைங்க, பெரியப்பா வழியில யார் யார், எந்தக் குட்டி என்ன படிக்குது, யார் வீட்டுல புதுசா வண்டி வாங்கியிருக்கு, எல்லாம் சொல்றேன். சிரிப்பை அடக்கத்தான் அப்படி முறைச்சேன்னு அந்தக் கிடாவோட கதையையும் சொல்றேன். நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். அத்தையைக் கேளுங்க."

"மாட்டா," என்றார் மாமியார். "எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லு. நானும் வரேன்."

பதிப்பாளர் போர்வைக்காரனைப் பார்த்தார். பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தார், அதன்மேல் பேனாவையும். "முடிவு உங்களுது சார்."

 கரிச்சான் அவனிடம் கெஞ்சவில்லை, கண்ணால்கூடக் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அவன் மறுபக்கம் சாய்ந்தால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த நிமிஷம்தான் அது அவளுக்கே தெரிந்தது. 

அவன் ஈரத் தாளை வாங்கி, தானும் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தான்.

"முதல் தும்மல்லயே எனக்குத் தெரியும் மேடம்," என்றான். "தெரிஞ்சும் எல்லாத் தாளையும் எடுத்தேன். கையெழுத்து ஆசை. என்கிட்ட உக்காருறவங்க சம்மதத்தை நான் வாயால கேட்டு வாங்கறதோட சரி. ஆனா இந்தப் பெட்டி நாலு எண்ணற நேரம் கேட்டுட்டே இருக்கும். ஆடாம இருந்தா சரின்னு அர்த்தம். இவங்க இல்லைன்னு சொல்லியிருக்காங்க. அந்த 'இல்லை'யை என்னால வித்துட முடியாது."

தாளை மனைவியிடம் நீட்டினான். "உங்க வீட்டுப் படம். நீயே பார்த்துக்கோ."

நனைந்த ஃபிலிமின் மேல் பூச்சு பாலாடை மாதிரி. நகம் பட்டால் கிழிந்துவிடும். வருடக்கணக்காக நகம் படாமல் பிடித்துப் பிடித்துப் பழகிய கை அவளுடையது. கரிச்சான் கட்டைவிரல் நகத்தை மூலையில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகு அடுத்த தாள். அதற்கடுத்தது. பதிப்பாளர் அம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டார். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"அட்டைப்படமும் தர முடியாது மேடம்," என்றான் போர்வைக்காரன்.  "அதுல இருக்கறவங்க வேண்டாம்கறாங்க."

பதிப்பாளர் பேனாவை மூடிப் பையில் போட்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "தப்பு பண்றீங்க," என்றார். "ஆனா தும்மினது நல்லாத்தான் இருந்தது." படியிறங்கிப் போனார்.

மாமியார் எழுந்து சமையலறைக்குள் நுழைந்தார். புருஷன் பெண்டாட்டியைத் தனியே விட வேண்டிய நேரம் எது என்பது அவருக்குத் தெரியும். தாளிக்கிற சத்தத்தைக் கொஞ்சம் அதிகமாகவே எழுப்பினார்.

போர்வைக்காரன் இருட்டறையின் முக்காலியில் போய் உட்கார்ந்தான். கரிச்சான் வாசலில் சாய்ந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாக இருக்கும்.

"பத்து வருஷம்," என்றான் அவன், மருந்துத் தட்டைப் பார்த்தபடி.

"தெரியும்."

"எல்லாம் போச்சு."

அவள் உள்ளே வந்து, ஈரமான அவன் கையைத் தன் முந்தானையில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எங்க போச்சு? எல்லாப் படமும் அந்த அலமாரியிலதான் இருக்கு. இன்னும் பத்து வருஷம் எடுங்க. ஆள் இருக்கோம்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. முறைப்புதான் இருந்தது. அந்த முறைப்புக்குத்தான் அவன் ஒரு காலத்தில் மழையில் நனைந்து வந்தான்.

"உங்க அண்ணன் கோவமா இருப்பாரா?"

"போன் பண்ணிக் கேளுங்க. நான் அதுக்குள்ள தாள் ஏத்தறேன். வெளியே போங்க, கதவை மூடணும்."

அவன் போனான். அவள் தாழ்ப்பாள் போட்டு விளக்கை அணைத்தாள். புது ஃபிலிம் பெட்டியைப் பிரித்தாள். முதல் தாளின் ஓரத்தை விரல் தொட்டது. வெட்டு வலது மேல்மூலையில் இருந்தது. சட்டத்துக்குள் வழுக்கிப் போனது.

வெளியே அவன் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அண்ணனின் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது.

"வாங்க மாப்பிள்ளை, தாராளமா வாங்க. இந்தத் தடவை எங்க உக்காரணும், என்ன போட்டுக்கணும்னு நாங்க சொல்லுவோம். சம்மதமா?"

"சம்மதம் மச்சான்."

"வண்டியும் படத்துல வரணும்."

"வரட்டும்."

"வண்டியைக் கழுவித் தொலைங்க முதல்ல," என்றது அண்ணியின் குரல் பின்னாலிருந்து. "தம்பி, இந்தத் தடவை எனக்குத் தும்மல் வராது. மருந்து சாப்பிட்டாச்சு."

"எல்லாரும் தனித்தனியாவும் எடுத்துக்கணும்கறாங்க மாப்பிள்ளை. ஆளுக்கு ஒண்ணு. முடியுமா?"

"முடியும். எத்தனை தாள் கொண்டு வரட்டும்?"

"இருங்க, எண்ணிச் சொல்றேன்."

அண்ணன் எண்ணத் தொடங்கினார். தன் பிள்ளைகள், பெரியப்பா வீடு, மேட்டில் இருக்கிற தம்பி குடும்பம், அவன் மனைவியின் வீட்டார். அண்ணி நடுவில் குறுக்கிட்டு யாரையோ விட்டுவிட்டதாகச் சண்டை போட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். புதிதாகப் பிறந்ததைச் சேர்ப்பதா, அது நாலு எண்ணும்வரை ஆடாமல் இருக்குமா என்று ஒரு தர்க்கம் கிளம்பியது. இருக்கும், தூங்கும்போது எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். போர்வைக்காரன் 'ம்', 'ம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இருட்டில் கரிச்சான் கையை நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். சட்டங்கள் தீர்ந்துவிட்டன. வெளியே எண்ணிக்கை இன்னும் முடிந்தபாடில்லை.